மேடையில் ராக்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் 'ரென்ட்' என்ற அமெரிக்க ராக் இசைநாடகத்தைப் பற்றி ஒரு கேள்விக்கு நாலு வரியில் புகழ்ந்து பதில் சொல்லியிருந்தேன். நியூயார்க்கில் வாடகை கொடுக்கக் காசில்லாத இளம் கலைஞர்களின் கதை அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதி கேள்வியே இல்லை, வெறும் சந்தோஷம்: "எனக்கும் பிடிக்கும்", "நான் இன்னும் அந்தப் பாட்டிலிருந்து வெளியே வரவில்லை" என்று பக்கம் பக்கமாக. அதனால் இந்த முறை முழுக்க முழுக்க ராக் இசைநாடகம்தான். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 'ரென்ட்' பாட்டு எல்லாமே எனக்கு மனப்பாடம். ஆனால் மேடையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பாட்டை மட்டும் கேட்டுவிட்டு ரசிகை என்று சொல்லிக்கொள்ளலாமா? தோழிகள் கேலி செய்கிறார்கள். - கல்லூரி மாணவி

பதில்: தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ராக் இசைநாடகத்தில் முக்கால்வாசிப் பேர் காது வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் பாடலாசிரியர் டிம் ரைஸும் 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' எழுதியபோது மேடையேற்றப் பணம் போட ஆள் கிடைக்கவில்லை, சரி, பாட்டாகவே வெளியிடுவோம் என்று 1969இல் ஒரு பாட்டையும் 1970இல் முழு இரட்டை இசைத்தட்டையும் கொண்டுவந்தார்கள். இயேசுவாகப் பாடியவர் டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன், யூதாஸாக மர்ரே ஹெட். தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய், அதற்கப்புறம்தான், 1971 அக்டோபரில், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் நாடகம் தொடங்கியது. இசையமைத்தவருக்கு அப்போது 23 வயது, பாட்டெழுதியவருக்கு 26. ஆக, அந்த அரங்குக்குப் போன ரசிகர்கள் உங்களைப் போலப் பாட்டை ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

'டாமி'யும் அப்படித்தான்: தி ஹூ குழுவின் இசைத்தட்டு 1969, பிராட்வே மேடை 1993. 'செஸ்' 1984இல் தட்டு, 1986இல் லண்டன் மேடை. கிரீன் டே குழுவின் 'அமெரிக்கன் இடியட்' 2004இல் வந்த ஆல்பம், 2010இல் பிராட்வே. உங்கள் தோழிகளிடம் இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள். இன்னொன்று, 'ரென்ட்'டில் வசனம் மிகக் குறைவு, 1996இல் வந்த பதிவில் ஏறக்குறைய முழு நாடகமும் இருக்கிறது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாற்றாமல் கேட்டவருக்குக் கதையில் பெரிதாக எதுவும் விட்டுப்போகாது.

கேள்வி: ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களாமே? கதை தெரியும், பாட்டு தெரியும், முடிவும் தெரியும். அப்புறம் எதற்கு? - ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: இருக்கிறார்கள் ஐயா, அதற்கு ஒரு பெயரே உண்டு. 'ரென்ட்' ரசிகர்களை 'ரென்ட்ஹெட்ஸ்' என்பார்கள். அந்தக் கூட்டம் உருவானதில் ஒரு நல்ல முடிவுக்குப் பங்கு இருக்கிறது. 1996 ஏப்ரலில் நாடகம் பிராட்வேயின் நெடர்லாண்டர் அரங்குக்கு வந்தபோது, முதல் இரண்டு வரிசை இருக்கைகளைத் தயாரிப்பாளர்கள் 20 டாலருக்கு ஒதுக்கினார்கள், அதுவும் காட்சி நடக்கும் அன்று மட்டும். பொதுவாக நல்ல விலைக்குப் போகிற இடம் அது. காசில்லாத இளைஞர்களைப் பற்றிய கதை, காசில்லாத இளைஞர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த டிக்கெட்டுக்காக நியூயார்க் நடைபாதையில் படுக்கை விரித்துப் படுத்தார்கள் பிள்ளைகள். ராத்திரி முழுக்க வரிசையில் கிடந்து, பக்கத்தில் படுத்தவர் யார் என்று விசாரித்து, சேர்ந்து பாடி, விடிவதற்குள் சிநேகிதமாகி, அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள். தெருவில் படுப்பது பாதுகாப்பில்லை என்று பிறகு குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். இன்று பல நாடகங்கள் குறைந்த விலை டிக்கெட்டைக் குலுக்கலில் தருவது அங்கிருந்து வந்த பழக்கம்தான். அதே தயாரிப்பாளர்களில் ஒருவரான ஜெஃப்ரி செல்லர் பிற்பாடு 'ஹாமில்டன்' நாடகத்துக்கு 10 டாலர் குலுக்கல் வைத்தார். அந்த 'ஹாமில்டன்' எழுதிய லின்-மானுவல் மிராண்டா, தன் பதினேழாவது பிறந்தநாளுக்கு 'ரென்ட்' பார்க்கப் போன பையன். பார்த்துவிட்டு வந்து எழுத ஆரம்பித்தவர்.

சரி, எதற்குத் திரும்பப் பார்ப்பது என்று கேட்டீர்கள். ராக் பாட்டில் குரலை அதன் விளிம்பு வரை தள்ளிப் பாடவேண்டியிருக்கிறது. 'சூப்பர்ஸ்டார்' நாடகத்தில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு தன் தந்தையைப் பார்த்துக் கேட்கும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு உச்ச அலறல் வரும். கில்லன் அதை ஒரு மாதிரி பாடினார், 1973 திரைப்படத்தில் டெட் நீலி வேறு மாதிரி பாடினார். மேடையில் பாடுகிறவருக்கு அது அன்றைக்கு அந்த நிமிடம் தொண்டையில் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே நிச்சயமில்லை. அந்த இடம் நெருங்க நெருங்க, நாடகத்தைப் பலமுறை பார்த்தவர்கள்தான் முதலில் நாற்காலி நுனிக்கு வருவார்கள். முடிவு தெரியும், இன்றைய குரல் தெரியாது. அதற்காகத்தான் போகிறார்கள்.

கேள்வி: எனக்கும் ஆசைதான், ஆனால் சத்தத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. - குடும்பத்தலைவி

பதில்: உங்கள் குறை நியாயமானது. கிட்டாரும் டிரம்ஸும் முழு வேகத்தில் போகும்போது வார்த்தையைக் காப்பாற்றுவதுதான் இந்த நாடகங்களில் ஒலியமைப்பாளரின் பெரிய தலைவலி. டிரம்ஸ் சத்தம் நடிகர்களின் மைக்கில் புகுந்துவிடாமல் இருக்க, டிரம்ஸ் வாசிப்பவரைச் சுற்றிக் கண்ணாடி மாதிரியான தடுப்பு வைப்பார்கள், சில இடங்களில் தனி அறைக்குள்ளேயே உட்காரவைப்பார்கள். அப்படியும் சில வரிகள் போகத்தான் செய்யும். போவதற்கு முன்னால் பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை கேட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: உங்கள் 'ரென்ட்' புகழாரத்தைப் படித்தேன். வாடகை கொடுக்காமல் டிமிக்கி கொடுக்கும் நாலு பேரைப் பற்றிய கதையை இப்படிக் கொண்டாடுவது சரியா? - வங்கி ஊழியர்

பதில்: இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள், கோபமில்லாமல் பதில் சொல்கிறேன். வாடகைத் தகராறு கதையின் வாசல் மட்டும்தான். உள்ளே இருப்பது எய்ட்ஸ். நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் ஒரு தலைமுறைக் கலைஞர்கள் முப்பது வயதுக்குள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. நாடகத்தை எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன் தன் நண்பர்களை அப்படி இழந்துகொண்டே எழுதினார். நோயாளிகள் வட்டமாக உட்கார்ந்து பேசும் ஒரு காட்சி வருமே, அதில் தங்கள் பெயரைச் சொல்கிறவர்களுக்கு அவர் வைத்திருப்பது நோய்வாய்ப்பட்ட தன் நண்பர்களின் நிஜப் பெயர்கள். புச்சினியின் 'லா போயெம்' ஓபராதான் மூலம்: அங்கே காசநோய், இங்கே எச்ஐவி. அங்கே அணைந்த மெழுகுவத்தியைப் பற்றவைக்கப் பக்கத்து வீட்டு மிமி கதவைத் தட்டுகிறாள், இங்கேயும் மிமி மெழுகுவத்தியோடுதான் வந்து நிற்கிறாள். நாடகத்தில் பாட்டுக்காரனாக வரும் ரோஜர் தன் கிட்டாரில் ஒரு மெட்டைத் தேடித் தேடித் தடுமாறுகிறானே, அது புச்சினியின் மெட்டு.

லார்சன் பல வருஷம் ஒரு உணவகத்தில் பரிமாறிப் பிழைத்தவர். 1989இல் கையிலெடுத்த நாடகம் இது. 1996 ஜனவரி 24 இரவு கடைசி ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனார், 25ஆம் தேதி அதிகாலை மகாதமனி கிழிந்து இறந்துபோனார். முப்பத்தைந்து வயது. அன்று மாலை முன்காட்சி, அதாவது முறையான தொடக்கத்துக்கு முந்தைய சோதனைக் காட்சி, தொடங்கவேண்டும். நடிகர்கள் ஆடாமல் நடிக்காமல், மேஜை முன்னால் உட்கார்ந்து பாட்டை மட்டும் பாடுவது என்று முடிவு செய்து, அவருடைய குடும்பமும் நண்பர்களும் மட்டும் இருக்கிற அரங்கில் பாட ஆரம்பித்தார்கள். முதல் பாதியின் கடைசியில், உணவகத்தில் எல்லாரும் சேர்ந்து கூத்தடிக்கும் பாட்டு வந்ததும் யாராலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை, மேஜை மேல் ஏறிவிட்டார்கள். அதற்கப்புறம் முழு நாடகத்தையும் ஆடியே முடித்தார்கள். முடிந்த பிறகு வெகுநேரம் ஒருவரும் அசையவில்லை. பார்வையாளர் பக்கமிருந்து ஒரு குரல் லார்சனுக்கு நன்றி சொன்ன பிறகுதான் அழுகையும் கைதட்டலும்.

குறை இல்லாத நாடகம் என்று சொல்லமாட்டேன். இரண்டாம் பாதி ஒரு வருஷத்தை அவசர அவசரமாகக் கடக்கிறது, இரண்டு பாட்டை வெட்டியிருக்கலாம். முன்காட்சிகளில் எழுதியவரே கடைசி வரிசையில் உட்கார்ந்து எங்கே ஜனங்கள் நெளிகிறார்கள் என்று பார்த்துத் திருத்துவது வழக்கம், அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்காரனாக வரும் பென்னியும் அவர்களுடைய பழைய நண்பன்தான், அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நாடகம் போதுமான அளவு காதுகொடுத்துக் கேட்கவில்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாடகையோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். அதே ஆண்டு புலிட்சர் பரிசும் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதும் கிடைத்தன, 2008 செப்டம்பர் வரை 5,123 காட்சிகள் ஓடியது. இறந்த நண்பர்களின் பெயர்களை அத்தனை இரவும் ஒரு மேடை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கொண்டாடுவது அதைத்தான்.

கேள்வி: நாடகம் நடக்கும்போது கூடவே பாடலாமா? என்னால் அடக்க முடிவதில்லை. - ஒரு ரசிகர்

பதில்: வாயை மட்டும் அசையுங்கள். பக்கத்தில் இருப்பவர் முதன்முறையாகக் கேட்கிறவராக இருக்கலாம், அவருக்கு அந்தப் பாட்டு மேடையிலிருந்து வரட்டும். கூடப் பாடுவதற்கென்றே அறிவிக்கும் சிறப்புக் காட்சிகள் இருக்கின்றன, அங்கே தொண்டை கிழியப் பாடுங்கள்.

விதிவிலக்கு 'ராக்கி ஹாரர் ஷோ'. 1973இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில், 63 பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன அறையில் தொடங்கியது. 1975இல் படமாக எடுத்தார்கள், ஓடவில்லை. மறு வருஷம் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டபோதுதான் ரசிகர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்: திரையில் வருகிறவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு வருவது, ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் கத்திப் பதில் சொல்வது, கல்யாணக் காட்சியில் அரிசி எறிவது. அந்தக் கத்தல்கள் பிறகு மேடைக்கும் வந்துவிட்டன. கதைசொல்லியாக வருகிற நடிகர் அதற்கு இடம்விட்டு நின்று, திருப்பிப் பதிலும் கொடுப்பார். எழுதிய ரிச்சர்ட் ஓ'பிரையனின் வரிகளும் ரசிகர்களின் வரிகளும் சேர்ந்துதான் இன்றைய நாடகம். அரிசியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், மேடையில் நிஜ மனிதர்கள் ஆடுகிறார்கள், வழுக்கிவிடும்.

கேள்வி: 'சூப்பர்ஸ்டார்' நாடகத்தில் மேரி மக்தலேனா இயேசுவை ஆறுதல்படுத்தும் பாட்டுக்குத் தாளம் போட்டால் எங்கோ இடிக்கிறதே? நான்கில் அடங்கவில்லை. - இசை மாணவர்

பதில்: அடங்காது, அது ஐந்து. நம் கணக்கில் கண்டம் என்று எண்ணிக்கொண்டு போட்டுப் பாருங்கள், சுகமாக உட்காரும். ஒன்றும் கவலைப்படாதே, தூங்கு என்று ஒருத்தி தாலாட்டுகிறாள், ஆனால் தாளம் ஒரு எண்ணிக்கை தள்ளி விழுந்துகொண்டே இருக்கிறது. மனசு சமாதானமாகவில்லை என்பது கேட்கிறவருக்குக் காரணம் தெரியாமலே தெரிந்துவிடும். கோயிலில் வியாபாரிகள் கூவும் காட்சியையும் எண்ணிப் பாருங்கள், அது ஏழு, மிஸ்ரம். அந்தத் தள்ளுமுள்ளுக்கு ஏழுதான் பொருத்தம்.

கேள்வி: 'ஸ்பிரிங் அவேக்கனிங்' பதிவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை! ஆனால் 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிக்கூடச் சீருடைக்குள்ளிருந்து மைக்கை எடுத்துப் பாடுகிறார்களே, அது ஏன்? - தூக்கம் தொலைத்தவர்

பதில்: அந்த மைக்தான் அந்த நாடகத்தின் சாவி. வெடேகிண்ட் 1891இல் வெளியிட்ட ஜெர்மன் நாடகம் அது. வளர்கிற பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லித்தராத பெரியவர்களால் நடக்கிற விபரீதம். அதை இசைநாடகமாக்கிய டங்கன் ஷீக்கும் ஸ்டீவன் சேட்டரும் என்ன செய்தார்கள் என்றால், பேச்சை அந்தக் காலத்திலேயே விட்டுவிட்டு, பாட்டை மட்டும் இன்றைக்குக் கொண்டுவந்தார்கள். லத்தீன் வகுப்பில் வாத்தியாரிடம் அடி வாங்கும் பையன் கைகட்டி நிற்பான், அடுத்த கணம் கோட்டுக்குள் கை விட்டு மைக்கை உருவி ராக் பாடகனாகிவிடுவான். பாட்டு முடிந்ததும் மைக் உள்ளே போகும், கை மறுபடி கட்டிக்கொள்ளும். பாடுவது எதுவும் வாத்தியாருக்குக் கேட்காது, நமக்கு மட்டும் கேட்கும். பெரியவர்கள் அத்தனை பேரையும் ஒரே ஒரு ஆணும் ஒரே ஒரு பெண்ணும் மாறி மாறி நடிப்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பிள்ளைகளின் கண்ணுக்கு எல்லாப் பெரியவர்களும் ஒரே ஆள்தான்.

2007இல் எட்டு டோனி விருது வாங்கியது. எனக்கு அதைவிடப் பெரிது, 2015இல் டெஃப் வெஸ்ட் குழு அதைப் பிராட்வேயில் மறுபடி போட்டது. காது கேளாத நடிகர்கள் சைகை மொழியில் நடிக்க, பக்கத்தில் இன்னொருவர் நிழல் போல நின்று அந்தப் பாத்திரத்தின் குரலாகப் பாடுவார். பெரியவர்கள் பிள்ளைகளின் மொழியைக் கேட்க மறுப்பது என்ற விஷயம் அங்கே இன்னும் கூராகிவிட்டது. தேடிப் பாருங்கள், இன்னும் இரண்டு நாள் தூக்கம் போகும்.

கேள்வி: நாங்கள் போன அன்று கதாநாயகனுக்கு உடம்பு சரியில்லை என்று மாற்று நடிகரைப் போட்டார்கள். ஏமாற்றமாகிவிட்டது. - இரண்டு நண்பர்கள்

பதில்: அந்த மாற்று நடிகரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே! பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி, எட்டிலும் ராக் பாட்டுப் பாடினால் எந்தத் தொண்டையும் ஒருநாள் மக்கர் பண்ணும். அதற்காகவே மாற்று நடிகர்கள் தயாராக இருக்கிறார்கள். கூட்டத்தில் வருகிற பல பாத்திரங்களை ஒருவரே மனதில் வைத்துக்கொண்டு, எவர் வரவில்லையோ அவருடைய இடத்தில் அன்று மாலை போய் நிற்பதும் உண்டு. அனுபவப்பட்ட ரசிகர்கள் நுழைவாயிலில் மாற்று நடிகர் பெயரைப் பார்த்தால் கொண்டாடுவார்கள். 1971 'சூப்பர்ஸ்டார்' குழுவில் கூட்டத்தில் ஒருவராகவும் இயேசுவுக்கு மாற்றாகவும் இருந்தவர்தான் டெட் நீலி. அவர்தான் படத்தில் இயேசுவானார், பிறகு பல பத்தாண்டுகள் அதே வேஷத்தில் ஊர் ஊராகப் பாடினார்.

கேள்வி: 'ஹேர்' நாடகம் இன்றைக்கும் பார்க்கத் தகுந்ததா? - பழைய பாட்டுப் பிரியர்

பதில்: கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை, வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் கடிதம் வந்த ஒரு பையன் போவதா மறுப்பதா என்று தவிப்பதுதான். இசைக்காகப் பாருங்கள், கால்ட் மக்டெர்மாட் மெட்டுகள் இன்னும் புதிதாக இருக்கின்றன. 1968இல் பிராட்வேக்கு வந்தது. லண்டனில் 1737 முதல் நாடகங்களைத் தணிக்கை செய்துவந்த சட்டம் ஒழிந்த மறுநாளே, 1968 செப்டம்பர் 27 அன்று, அங்கே திரை விலகியது. கடைசியில் பார்வையாளர்களை மேடைக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து ஆடுவார்கள், இளவரசி ஆன் கூட அப்படி ஏறி ஆடியிருக்கிறார். 1,997 காட்சி ஓடி, இரண்டாயிரத்துக்கு மூன்று குறைவாக இருக்கும்போது 1973இல் அரங்கின் கூரை பெயர்ந்து விழுந்து நின்றுபோனது.

கேள்வி: எல்லாம் இங்கிலீஷ்தானா? வேறு மொழிகளில் ராக் நாடகம் கிடையாதா? - மொழிபெயர்ப்பாளர்

பதில்: ஏன் இல்லை! பிரெஞ்சில் மிஷல் பெர்ஜேயும் லூக் பிளமான்டோனும் செய்த 'ஸ்டார்மேனியா', அதுவும் 1978இல் இசைத்தட்டாகத்தான் முதலில் வந்தது. ஹங்கேரியில் 'இஷ்ட்வான், அ கிராய்': நாட்டை நிறுவிய மன்னர் இஷ்ட்வானைப் பற்றியது, 1983 ஆகஸ்டில் புடாபெஸ்ட் பூங்கா ஒன்றின் மேட்டில் திறந்தவெளியில் முதல் காட்சி. சோவியத் ரஷ்யாவில் 1981இல் மாஸ்கோவின் லென்கோம் அரங்கில் 'யூனோனா இ அவோஸ்'. அலெக்ஸி ரிப்னிகோவ் இசை, கவிஞர் வோஸ்னெசென்ஸ்கி வரிகள். 1806இல் கலிபோர்னியாவுக்குக் கப்பலில் போன ரஷ்யப் பிரபு ரெசானோவ், அங்கே ஸ்பானியத் தளபதியின் மகள் கொன்சீட்டாவைக் காதலித்த உண்மைக் கதை. திரும்பி வருகிறேன் என்று போனவர் வழியிலேயே இறந்துவிடுகிறார், அவள் காத்திருக்கிறாள். ராக் கிட்டாரும் தேவாலய இசையும் ஒன்றாக வருவதை அந்த மேடையில் ஜனங்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே சிலிர்க்கிறது. மொழி தெரியாமலே கேளுங்கள், ரெசானோவாக நடித்த நிகோலாய் கராசென்ட்சோவின் கரகரப்பான குரல் போதும்.

கேள்வி: இதுவரை ஒன்றுமே பார்த்ததில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். - புதியவர்

பதில்: 'ரென்ட்', 2008இல் படம்பிடித்த கடைசிக் காட்சியின் பதிவு. 2005இல் வந்த சினிமா வேண்டாம், அதில் பழைய நடிகர்களில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்றாலும் பாட வேண்டிய பல வரிகளைப் பேச்சாக்கிவிட்டார்கள். பதிவில் வாத்தியக்காரர்கள் ஐந்து பேரும் மேடை ஓரத்திலேயே இருப்பதைப் பாருங்கள். படமெடுக்கும் இளைஞன் மார்க் கேமராக் காலை விரித்து வைக்கிறான், ரோஜர் கிட்டாருக்குச் சுருதி கூட்டுகிறான், ஆடம்பரமாக எதுவும் இல்லாமல் நாடகம் தொடங்கிவிடும். நல்ல ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் எந்தப் பாட்டு பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள், 'ரென்ட்' கடிதம் போட்ட அத்தனை பேரும் அதைத் தெரிந்துகொள்ளக் காத்திருப்பார்கள்.